கத்தரிக்காய்க் கம்பெனியும் கட்டம்போட்ட லுங்கியும்

போன மாதம் நிவேதிதா போன் செய்து, "மேடம், நம்ம ஆபீஸ் மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரணும்" என்றாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண் அவள். நாற்காலியின் ஒரு கால் ஆடும் என்று சொல்லாமல் வந்துவிட்டேன், அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் இருக்கிறது.

"எதைப் பத்திம்மா எழுதறது?"

"அந்த லுங்கி கேஸ்தான் மேடம். இப்போ அடுக்குமாடி பில்டிங்குக்கெல்லாம் போன், இன்டர்நெட் வசதியைப் பார்த்து ஸ்டார் கொடுக்கப் போறாங்க இல்ல? இன்ஸ்பெக்‌ஷன் போற புதுப் பசங்க படிக்கணும். இங்க ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க. ஒருத்தர் அது வேட்டிங்கறார்."

வேட்டி என்று சொல்லும் அளவுக்கு வரலாறு கெட்டுப்போன பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது? பேனாவை எடுத்துவிட்டேன்.

என் பெயர் சுகந்தி. வீடு பொழிச்சலூரில். தலைக்கு மேல் விமானம் போகும்போது பேச்சை நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் ஊர். தொலைபேசிக் கம்பெனிகள் ஒழுங்காகப் போட்டி போடுகின்றனவா, பெரியது சின்னதை நசுக்குகிறதா, வாடிக்கையாளரை யாராவது கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிற அலுவலகத்தில் வேலை பார்த்தேன். சேர்ந்ததும் வடக்கே ஓராண்டு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே நான் முழுமையாகக் கற்றுக்கொண்டது சப்பாத்தி இடுவது ஒன்றுதான். மற்றதெல்லாம் தாம்பரம் அலுவலகத்தில் கற்றது. சுருக்கமாகச் சொன்னால் கபடி ஆட்டத்துக்கு நடுவர் வேலை. கோட்டைத் தாண்டினால் விசில் ஊத வேண்டும். ஆடுகிறவர்களோ நம்மைப்போல நாலு மடங்கு இருப்பார்கள்.

இந்த வேலையில் ஒரு பெரிய கொடுமை உண்டு. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்த அடுத்த நொடி எவரும் கேட்கிற கேள்வி, "எந்த நெட்வொர்க் நல்லதுங்க?" கல்யாண வீட்டில் கேட்பார்கள். துக்க வீட்டிலும் கேட்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. பல் டாக்டர் என் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டே கேட்டிருக்கிறார். பதில் சொல்லக்கூடாது. நடுவர் எந்த அணி நல்ல அணி என்று சொல்லலாமா? என் கணவர் தாமோதரன் கல்யாணமான புதிதில் கேட்டுப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் துறையிலேயே வேலை பார்க்கிற பெண்டாட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு, முடி வெட்டுகிறவரிடம் யோசனை கேட்டு சிம் வாங்கிய மனிதர் இந்த ஊரில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இந்த வாய்க்கட்டு எனக்கு வந்தது கருணாகரன் சாரிடமிருந்து. எங்கள் பிரிவின் மேலதிகாரி. ஒல்லியாக, உயரமாக, எப்போதும் சட்டைப் பையில் மூன்று பேனாவோடு இருப்பார். மூன்று கம்பெனிகளின் புகார்களையும் ஒரே பேனாவால் எழுதினால் ஒருவருக்கு மை தீரும் நேரத்தில் எழுத நேரிட்டு எழுத்து மங்கிவிடுமாம். அது அநீதியாம். இப்படிப்பட்டவர்.

கம்பெனிகளின் பெயரை அலுவலகத்தில் உரக்கச் சொல்லக்கூடாது என்பது அவர் போட்ட முதல் சட்டம். சுவருக்குக் காது இருக்கிறது, டீ கொண்டுவருகிறவருக்கு மச்சான் இருக்கிறார், அந்த மச்சான் ஏதாவது கம்பெனியில் இருப்பார் என்பது அவர் வாதம். ஒன்று, இரண்டு என்று எண் கொடுக்கலாம் என்றோம். "அப்போ யார் முதல்? யார் ரெண்டாவது? நாமளே ரேங்க் போட்ட மாதிரி ஆகுதே!" என்று பதறினார். நிறம் வைக்கலாம் என்றால் எல்லாக் கம்பெனிக்கும் ஏற்கெனவே ஒரு நிறம் இருந்தது. கடைசியில் கம்பெனிக்கு ஒரு காய் என்று காய்கறிக்கு வந்து சேர்ந்தோம்.

அன்றிலிருந்து எங்கள் பேச்சு வெளியாருக்குக் காய்கறிக் கடைப் பேச்சாகத்தான் கேட்கும். "சேலையூர்ல வெண்டைக்காய் எடுக்கவே மாட்டேங்குது சார்." "முருங்கைக்காய்க்குப் பல்லாவரத்துல பாதி கால் கட் ஆகுதும்மா." ஒருமுறை பக்கத்து அலுவலகக்காரர் ஒருவர், "மேடம், எங்க தெருவுல ஃப்ரெஷ்ஷா வண்டி வருது, சொல்லட்டுமா?" என்று பரிவோடு கேட்டார். நான் சேர்ந்தபோது அவியல் வைக்கத் தேவையான அத்தனை காயும் இருந்தது. பிறகு ஒன்றை ஒன்று விழுங்கியது, சில அழுகின, சில கூடையை விட்டே ஓடின. நான் ஓய்வு பெறும்போது ஒரு பொரியலுக்குத்தான் தேறியது. தொலைத்தொடர்புப் போட்டி பற்றி எவ்வளவோ தடித் தடி அறிக்கைகள் வந்திருக்கின்றன. சாரம் இவ்வளவுதான்.

அறிக்கை எழுதுகிற வாரத்தில் சார் தயிர்சாதம் தவிர எதுவும் தொடமாட்டார். "சாம்பார்ல எந்தக் காய் மிதக்கும்னு யாருக்கும்மா தெரியும்?" என்பார். சிரிக்காமல் சொல்வார், நாங்களும் சிரிக்காமல் கேட்டுக்கொள்வோம். சிரிக்க வேண்டியதைக் கழிவறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவோம்.

எங்கள் சோதனை வேனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மறைமலை நகரில் கிளம்பி ஜி.எஸ்.டி. ரோடு வழியாகத் தாம்பரம் வந்து, மேடவாக்கம் வரை போவோம். வழியெல்லாம் ஒவ்வொரு கம்பெனி இணைப்பிலும் அழைத்துப் பார்த்து, எங்கே பேச்சு அறுகிறது என்று கருவியில் பதிவு செய்வோம். சாட்சிக்குக் கம்பெனிக்கு ஓர் இன்ஜினியர் கூடவே வருவார். மூன்று எதிரிகள் ஒரே வேனில். ஜன்னலோர இருக்கைக்கு யார் என்ற பிரச்சினை வந்தது. சார் ஒவ்வொரு மேம்பாலத்துக்கும் இடம் மாறி உட்காரச் சொன்னார். பெருங்களத்தூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் அவர்கள் எழுந்து உட்காருகிற வேகத்தைப் பார்த்து, உள்ளே ஏதோ பஜனை நடக்கிறது என்று சிக்னலில் நின்ற ஒருவர் கும்பிட்டார்.

வெண்டைக்காய் இன்ஜினியரின் அம்மா ஒருநாள் தட்டை செய்து கொடுத்துவிட்டார். சார் அதைத் தொடவில்லை. "எல்லாரும் கொண்டுவந்தாத்தான் நான் எடுத்துக்க முடியும்" என்றார். அடுத்த முறை எல்லாரும் கொண்டுவந்தார்கள். கத்தரிக்காய் பெரிய கடை நெய் மைசூர்பாகு. வெண்டைக்காய் மறுபடியும் தட்டை. நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த முருங்கைக்காய் பொரி. சாருக்கு மனசு கேட்கவில்லை. இது சமமான ஆட்டம் இல்லை என்று சொல்லி, இனி எல்லாரும் ஒரே பொருள், ஒரே எடை, வறுத்த வேர்க்கடலை மட்டும் என்று உத்தரவு போட்டார். மூன்று கம்பெனி வேர்க்கடலை, ஏழு பேர், கண்ணாடி ஏற்றிய ஏ.சி. வேன். வண்டலூர் தாண்டியதும் நடந்ததை எழுத நாகரிகம் இடம் தரவில்லை. போட்டியை அடியோடு ஒழித்தால் ஜனங்கள் என்ன பாடுபடுவார்கள் என்பதை நான் அன்றைக்கு மூக்கால் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு விதியும் உண்டு. அலுவலகப் போனில் மூன்று சிம்மும் இருக்கும். ஓர் அழைப்பு கத்தரியில் என்றால் அடுத்தது வெண்டையில், அதற்கடுத்தது முருங்கையில். வரிசை மாறக்கூடாது. அவசரம் என்றாலும் கூடாது. இந்த விதியை நான் மனதுக்குள் திட்டாத நாளில்லை. லுங்கி கேஸில் எங்களைக் காப்பாற்றியது இந்த விதிதான்.

பிலோமினா டீச்சர் ஒருநாள் காலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மாம்பாக்கம் பக்கத்துக் கிராமத்துக்காரர், மேடவாக்கத்தில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடியில் வீடு. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, வளைகுடா நாடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். குடும்பமே அந்த வகுப்புகளில்தான் ஓடியது.

"மேடம், என் கிளாஸ் கரெக்டா ஆன்சர் வர்ற இடத்துலதான் கட் ஆகுது. எக்ஸ் ஈக்வல் டுன்னு சொல்லிட்டு நான் வாயைத் திறந்தபடி சிலையா நின்னுடறேன். அந்த மூஞ்சிய பசங்க ஸ்டிக்கர் பண்ணி எனக்கே அனுப்புதுங்க. பாருங்க."

காட்டினார். கொட்டாவி விடும் பூனையைப் போலிருந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"கம்ப்ளெயின்ட் பண்ணீங்களா?"

"ரீஸ்டார்ட் பண்ணுங்கம்பாங்க. ஒருநாள் கோவம் வந்து, வேற கம்பெனிக்கு மாறிடுவேன்னு சொல்லிட்டேன். அந்தப் பையன் சிரிச்சான் மேடம். 'உங்க பில்டிங்ல வேற யாரு மேடம் இருக்காங்க'ன்னான்."

அதுவரை வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தவர் இங்கே நிறுத்திவிட்டார். "பேரன்ட்ஸ் எல்லாம் ஒண்ணா சேர்ந்து சொல்லிட்டாங்க. வர்ற சனிக்கிழமை கிளாஸும் கட் ஆச்சுன்னா வேற டீச்சர் பாத்துப்பாங்களாம். எனக்கு வேற பொழப்பு தெரியாது மேடம்."

அந்தப் பையன் சிரித்தது எனக்குச் சுருக்கென்று தைத்தது. லைன் அறுந்ததைக்கூட மன்னிக்கலாம், அந்தச் சிரிப்பை மன்னிக்க முடியாது. எங்கள் அலுவலகம் எதற்காக இருக்கிறதோ அதுவே அந்தச் சிரிப்பில் கேலிக்கு ஆளாகிவிட்டது.

சட்டப்படி எந்தக் கட்டடமும் ஒரே கம்பெனிக்குத்தான் இடம் என்று ஒப்பந்தம் போடக்கூடாது. அந்தக் கட்டடமும் போடவில்லை. அங்கேதான் சாமர்த்தியம். நான் முதலில் நேரில் போனபோது குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரங்கராஜன் பச்சையில் மஞ்சள் கட்டம்போட்ட லுங்கியோடு வரவேற்றார். காப்பீட்டுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சங்கக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதும் அந்த லுங்கியில்தான் என்று பிறகு தெரிந்தது.

"யார் வேணாலும் வரலாம் மேடம், நாங்க யாரையும் தடுக்கல. ஆனா கேபிள் போற பைப்ல இடம் இல்ல. நாங்க என்ன பண்றது?" என்றார்.

தரைத்தளத்திலிருந்து மொட்டை மாடி வரை சுவருக்குள் ஒரு தடித்த குழாய். அந்த ஒன்றின் வழியாகத்தான் எல்லா வீட்டுக்கும் கேபிள் போக வேண்டும். கீழே அதன் வாயைப் பார்த்தேன். கத்தரிக்காய்க் கம்பெனியின் கறுப்பு கேபிள்கள் இடியாப்பமாக அடைத்துக்கொண்டிருந்தன. கத்தரிக்காய் சங்கத்துக்கு ஒரு ட்ரெட்மில் வாங்கிக் கொடுத்திருந்ததையும் பார்த்தேன். அதன்மேல் யாரும் நடந்ததாகத் தெரியவில்லை. இரண்டு துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. துணி காயப்போட இடம் கிடைத்தால் விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். அந்த நினைப்பை நான் இன்னும் கொஞ்சம் மதித்திருக்கலாம்.

நேரடி விசாரணைக்கு எல்லாத் தரப்பும் ஒன்றாகக் கிடைத்த ஒரே நாள் அந்தச் சனிக்கிழமைதான். டீச்சரின் வகுப்பு நடக்கும் அதே காலை நேரம்.

கத்தரிக்காய் சார்பில் சட்ட மேலாளர் விக்னேஷ், மேடவாக்கம் வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். வெண்டைக்காய் சார்பில் வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். கேபிள் இழுக்கப் பள்ளிக்கரணையிலிருந்து கன்னியப்பன். அதிகாரிகள் வருகிறார்கள் என்று ரங்கராஜன் அன்றைக்கு இஸ்திரி போட்ட பேண்ட் அணிந்திருந்தார். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரங்கராஜன் எல்லாருக்கும் காபி கொண்டுவரச் சொன்னார். சார் மறுத்துவிட்டார். டீச்சர் வீட்டிலிருந்து தண்ணீர் வந்தது, அதையும் மறுத்தார். தாகத்தில் எங்கள் நாக்கு ஒட்டிக்கொண்டது. கன்னியப்பன் தலையைச் சொறிந்தார்.

"சார், நான் எந்தக் கம்பெனியும் இல்லியே. நான் குட்ச்சிக்கலாமா?"

சார் கண்ணை மூடி யோசித்தார். "கன்னியப்பன் சுதந்திரமான தரப்பு. குடிக்கலாம்" என்றார். சுதந்திரமான தரப்பு எங்கள் எல்லாருடைய காபியையும் குடித்து முடித்தது.

விசாரணை ஆரம்பித்தது. "இந்தப் பைப்ல கொசு நுழையக்கூட இடம் கிடையாது சார். அத்தனையும் கஸ்டமருக்குப் போற லைவ் கேபிள்" என்றார் விக்னேஷ்.

"ஆமா சார், எல்லாம் ஓடிட்டிருக்கற கேபிள்தான். நான் செயலாளரா பொறுப்பேத்துச் சொல்றேன்" என்றார் ரங்கராஜன்.

சார் ஒரு கேபிளைத் தொட்டார். "இது எந்த வீட்டுக்குப் போகுது?"

"சிஸ்டம்ல பாக்கணும் சார்."

"பாருங்க."

விக்னேஷ் மடிக்கணினியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். "சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு சார்."

"எந்தக் கம்பெனி நெட் போட்டிருக்கீங்க?" என்று சார் அக்கறையாகக் கேட்டார். விக்னேஷ் மடிக்கணினியை மூடினார்.

இழுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. வெறும் கேபிள் என்றால் வந்துவிடும். உயிருள்ள கேபிளை இழுத்தாலோ யாருடைய இணைப்போ அறுந்துவிடும். அந்தக் கொத்தில் எங்கேயோ ஒன்று டீச்சருடையது, அதில் அப்போது வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. சார் கையைக் குழாயில் வைத்தபடியே நின்றார். அவ்வளவு நேரம் தயங்கி அவரை நான் பார்த்ததில்லை. பிறகு விறுவிறுவென்று இரண்டு மாடி ஏறி டீச்சர் வீட்டு வாசலில் நின்றார். நானும் பின்னாலேயே ஓடினேன். டீச்சர் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, காதில் மாட்டியதைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"அம்மா, இழுக்கும்போது உங்க லைன் போயிடலாம். நீங்க வேண்டாம்னா நிறுத்திடறேன். வேற தேதி பாக்கலாம்."

டீச்சர் உள்ளே திரும்பிப் பார்த்தார். திரையில் பத்துப் பதினைந்து சின்ன முகங்கள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தன.

"வேற தேதிக்கு எனக்கு கிளாஸே இருக்காது சார். இழுங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

மேலே என்ன நடக்கிறது என்று பார்க்க என்னை அலுவலகப் போனோடு மொட்டை மாடிக்கு அனுப்பினார் சார். கதவைத் திறந்தேன். மாடி முழுக்கத் துணி. தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து எதிர்ச்சுவர் கம்பி வரை நீளமாக ஒரு கொடி கட்டி, தலையணை உறை, குழந்தைச் சட்டை, நைட்டி என்று வரிசையாகத் தொங்கின. கடைசியில் பச்சையில் மஞ்சள் கட்டம்போட்ட லுங்கி. செயலாளர் பேண்ட் போட்ட நாளில் அது துவைக்கப் போயிருந்தது. காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதை மட்டும் கொடியோடு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

துணிகளைத் தாண்டிக் குழாயின் மேல்வாயைத் தேடினேன். கிடைத்தது. அதிலிருந்து ஒரு கறுப்பு கேபிள் வெளியே வந்தது. அது எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்தேன். தொட்டிக் குழாய்க்குப் போயிற்று. அங்கிருந்து தலையணை உறைக்குப் போயிற்று.

கொடியே அந்தக் கேபிள்தான்! எந்த வீட்டுக்கும் போகாத கேபிளை இடத்தை அடைப்பதற்காகக் குழாயில் திணித்து, மிச்சத்தை மாடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சும்மா கிடக்கிறதே என்று குடியிருப்புக்காரர்கள் கொடி கட்டிக்கொண்டார்கள்.

சாருக்கு உடனே சொல்ல வேண்டும், துணி இருக்கிறது, இழுக்காதீர்கள் என்று. போனை எடுத்தேன். வரிசைப்படி அடுத்த அழைப்பு முருங்கைக்காயினுடையது. முருங்கைக்காய்க்கு அந்த மொட்டை மாடியில் சிக்னலே இல்லை, என் சொந்தப் போனோ கீழே கைப்பையில். கைப்பிடிச் சுவரில் எட்டி, "சார், நிறுத்துங்க!" என்று கத்தினேன். தெருவில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி நுழைந்தது. கீழேயிருந்து சார் என்னை நிமிர்ந்து பார்த்து, நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துக் கையசைத்தார்.

முதல் கேபிளைக் கன்னியப்பன் இழுத்ததும் ஒரு முழத்தில் கையோடு வந்துவிட்டதாம். வாயை அடைக்க மட்டும் செருகிய துண்டு. "அது ஸ்பேர் சார்" என்றாராம் விக்னேஷ். அடுத்ததை இழுத்தார்கள். மாடியில் கொடி விறைத்தது. தொட்டிக் குழாய் முடிச்சும் எதிர்ச்சுவர் முடிச்சும் படீரென்று அவிழ்ந்தன. துணிகள் ஊர்வலம் கிளம்பின. கிளிப்புகள் பட்பட்டென்று தெறித்தன. தலையணை உறையும் நைட்டியும் குழாய் வாயில் கழன்று குவிந்தன. முடிச்சுப் போட்ட லுங்கி மட்டும் கழலவில்லை. ஒரு கணம் வாசலில் தயங்கி நின்றது. பிறகு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விட்டது.

படியிறங்கி ஓடினேன். இரண்டாவது மாடியில் என் கால் தானாக நின்றது. டீச்சர் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

"எக்ஸ் ஈக்வல் டு..." என்றார் டீச்சர்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"...மைனஸ் த்ரீ! யார் யாருக்கு வந்துது, கை தூக்குங்க!"

என் பள்ளிக்காலத்தில் மைனஸ் என்றாலே எனக்கு ஆகாது. அன்றைக்கு அந்த மைனஸ் மூன்றைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

கீழே கன்னியப்பன் காலைச் சுவரில் உதைத்து இழுத்துக்கொண்டிருந்தார். "சார், இஸ்துகினே கீறேன், வந்துகினே கீது! உள்ள இன்னாவோ வெயிட்டா மாட்டிகினு கீது. பேஜாரா கீது சார்!"

"நிறுத்தச் சொல்லுங்க சார்! அது கஸ்டமர் கேபிள், கஸ்டமர் கட் ஆயிடுவார்!" என்று விக்னேஷ் அலறினார்.

கன்னியப்பன் கடைசியாக ஓர் இழுப்பு இழுத்தார். புழுதியும் சிலந்திவலையுமாகப் பச்சைத் துணி எட்டிப் பார்த்தது. முழுவதும் வெளியே வந்து விழுந்தது.

"கஸ்டமர் வந்துட்டாரு சார்" என்றார் கன்னியப்பன். "ஆனா ஆளு இல்ல. லுங்கி மட்டும்தான் கீது."

ரங்கராஜன் லுங்கியை முன்பின் பார்த்தறியாதவர் போல ஆகாயத்தைப் பார்த்தார். முதல் மாடி பால்கனியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, உங்க லுங்கி எப்படிங்க கீழ வந்துது? மேலதானே காயப்போட்டேன்!"

விக்னேஷ் டையைத் தளர்த்திக்கொண்டார். "அது... ஒரு வேல்யூ ஆடட் சர்வீஸ் மாதிரி சார்" என்றார் மெல்லிய குரலில்.

சார் மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து, வாயால் சொல்லிக்கொண்டே எழுதினார். "மேற்படி கேபிளில் வழங்கப்பட்டு வந்த சேவை: துணி உலர்த்துதல். கொசு நுழைய இடமில்லை என்று கூறப்பட்ட குழாயில் பெரியவர் அணியும் லுங்கி ஒன்று நான்கு மாடி இறங்கி வந்தது." முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை. முருங்கைக்காய்க்குச் சிக்னல் கிடைத்து நான் தடுத்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்கவே முடியாது. வெண்டைக்காய்க்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

மீதியும் இழுக்கப்பட்டது. பாதிக்குமேல் முழத்துண்டுகள். டீச்சருடைய லைன் உள்ளிட்ட உண்மையான கேபிள்கள் ஓரமாக ஒல்லியாகத் தெரிந்தன. இழுத்த எதிலும் ஒருவருக்கும் இணைப்பு போகவில்லை. அன்றைய வகுப்பு கடைசிவரை அறுபடாமல் நடந்தது, பெற்றோர்கள் ஒருவரும் வேறு டீச்சரைத் தேடிப் போகவில்லை.

லுங்கி தடயப் பொருளாக எங்கள் அலுவலக அலமாரிக்கு வந்தது. தாம்பரத்தில் நடந்த விசாரணையில் அதை மேஜைமேல் விரித்து வைத்தார்கள். ஒரு தரப்புப் பொருளை மட்டும் வைப்பது முறையா என்று கத்தரிக்காயின் வக்கீல் ஆட்சேபித்தார். "உங்க தரப்பு லுங்கி ஏதாவது இருந்தா நீங்களும் தாக்கல் பண்ணலாம்" என்றார் சார். அதற்குமேல் வாதம் நடக்கவில்லை. வெற்றுக் கேபிளையெல்லாம் எடுக்க வேண்டும், குழாய் எல்லாக் கம்பெனிக்கும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வெண்டைக்காய் உள்ளே நுழைந்தது. டீச்சர் இரண்டாவது லைன் வாங்கினார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். ஒரு வாரத்தில் அந்தக் கட்டடத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ரங்கராஜன் தலைமையில் வந்து நின்றார்கள். "உங்க உத்தரவால எங்க கொடி போச்சு. இப்போ நாங்க துணியை எங்க காயப்போடறது?"

சார் ஆடிப்போய்விட்டார். ஒழுங்குமுறை விதிகள் அத்தனையையும் இரண்டு நாள் புரட்டினார். துணி உலர்த்துவது பற்றி ஒரு பிரிவும் இல்லை. அதற்குள் விஷயம் எப்படியோ வெண்டைக்காய்க்குத் தெரிந்து, புது வாடிக்கையாளர் பிடிக்கிற ஆசையில் மொட்டை மாடியில் நைலான் கொடி கட்டிக் கொடுத்தார்கள், இலவசமாக. பத்து நாளில் கத்தரிக்காய் வந்து துருப்பிடிக்காத கம்பியில் கொடி போட்டு, வீட்டுக்கு ஒரு டஜன் கிளிப்பும் கொடுத்தது. இன்டர்நெட் வேகம் பிறகுதான் கூடியது. முதலில் கூடியது கொடியின் தரம்.

சார் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். போனோம். இரண்டு கொடிக்கும் நடுவில் நின்று நிழலைப் பார்த்தார். காலை வெயில் வெண்டைக்காய்க் கொடிக்கு அதிகம், மாலை வெயில் கத்தரிக்காய்க்கு. நியாயமாக இருக்கிறது என்று திருப்தியோடு இறங்கினார். லுங்கியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரங்கராஜனிடம் கொடுத்தார்.

சார் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். பிரிவுபசார விருந்தில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அவ்வளவு வருடங்களில் முதல் முறையாக அவர் சாம்பார் ஊற்றிச் சாப்பிடுவதைப் பார்த்தேன். அவியலை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய் ஒன்று பாக்கியில்லாமல் சாப்பிட்டார். "எல்லாமே நல்லா இருக்குல்ல சுகந்தி?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததும், அந்தக் கட்டடத்துக்கு நட்சத்திரம் போடப் போகிறேன், கூட வாருங்கள் என்று நிவேதிதா கூப்பிட்டாள். போன சனிக்கிழமை போனோம். மொட்டை மாடியில் இரண்டு கொடியிலும் துணி. டீச்சர் எங்களைப் பார்த்ததும் வகுப்பை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். தலை நரைத்திருந்தது. இந்த முறை காபி கொடுத்தார். நான் ஓய்வு பெற்றவள், குடித்தேன். நிவேதிதா நாக்கு ஒட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தாள்.

சின்னப் பெண் அல்லவா, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டாள். "டீச்சர், ரெண்டு லைன் வச்சிருக்கீங்களே, எது நல்லா இருக்கு?"

பழக்க தோஷத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ரெண்டும் சுமார்தான்ம்மா" என்றார் டீச்சர். "ஆனா முன்னாடி நான் போன் பண்ணினா சிரிப்பாங்க. இப்போ லைன் ஒரு நிமிஷம் நின்னா போதும், நான் போனைத் தேடி எடுக்கறதுக்குள்ள அவங்களே கூப்பிட்டு, 'மேடம், கோவிச்சுக்காதீங்க, மாறிடாதீங்க'ங்கறாங்க. நல்ல நெட்வொர்க் எதுன்னு எனக்குத் தெரியாது. என்னைப் பாத்துப் பயப்படற நெட்வொர்க் ரெண்டு வச்சிருக்கேன்."

எத்தனையோ கல்யாண வீடுகளில் நான் விழுங்கிக்கொண்ட பதில் அதுதான் என்று அப்போது தெரிந்தது. வரும் புதன்கிழமை பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். கையை வெளியே எடுத்தால் அவருக்கும் சொல்லிவிடுவேன்.